அறுபத்தோராம் பக்கம்

நாற்பத்திரண்டு நாவல்கள்.
சராசரி மூன்று பிணம்.
கொட்டகலை பஸ் ஸ்டாண்டில்
வடைப் பெட்டிக்கும் லொத்தர் சீட்டுக்கும் நடுவே
கிளிப் மாட்டித் தொங்கும் என் பெயர்:
மர்மயோகன்.
சம்பளப் பட்டியலில் மட்டும்
மு. கருப்பண்ணன், தோட்டத்து டிஸ்பென்சரி கிளார்க்.

அன்றிரவு ஒன்பது இருபது.
கரண்ட் இல்லை. பிளேன்டி ஆறியிருந்தது.
நாற்பத்து மூன்றாவதில்
பக்கம் அறுபத்தொன்றுக்குள்
ஒரு பெண்ணைக் கொன்றாக வேண்டும்.
நல்ல சத்தமாக ஒன்று தேடிக்கொண்டிருந்தேன்.

கீழே, தையல் கடையில்
ஏதோ விழுந்தது,
தகர வாளி படியிறங்குகிற மாதிரி.
பிறகு ஓர் 'ஐ'.
'யோ' வரவில்லை.

நான் எழுதினேன்:
'வீலென்ற அலறல் மலையில் மோதித் திரும்பியது.'
அடித்தேன். மறுபடி அதையே எழுதினேன்.
மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தேன்.
பேனை நன்றாக ஓடியது.
இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை:
அன்றைக்குப் பேனை
அவ்வளவு நன்றாக ஓடியது.

யோகவதி.
கொழுந்து எடுப்பதை விட்டு
சீட்டுக் காசில் மிசின் வாங்கியவள்.
என் காற்சட்டைக்கு இரண்டு தரம் சிப் மாற்றித் தந்து
கூலிக்குப் பதில் நாவல் கேட்டவள்.
'ஏன் சேர், ஒங்க கதையில சாகுறவங்க
ஒருத்தர்கூட
பாதி வேலைய வச்சிட்டுப் போறதில்லயே?'
சிரித்துவிட்டு மாடியேறினேன்.

காலையில்
மிசினில் ஒரு ஸ்கூல் சட்டை.
ஒரு கை தைத்து முடிந்திருந்தது.
மறு கை ஊசிக்கு அடியில்.
ரத்த வெள்ளம் என்று நாற்பத்திரண்டு தரம் எழுதியவன் நான்.
வெள்ளமெல்லாம் இல்லை.
வெட்டுத் துணிகள் குடித்துவிட்டிருந்தன.

கொன்றது யார் என்பதில் மர்மமும் இல்லை.
கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒரு தரம் வருகை,
திருவிழாவுக்கு முன்வரிசையில் வடம் பிடிக்கிறவன்,
அவளுக்குத் தாலி கட்டியவன்.
இரண்டு வருடமாகக் கடைத்தெருவே சொன்னது,
சோடா உடைத்துக்கொண்டே சொன்னது:
'ஒரு நாளைக்கு இவன் அவள முடிச்சிருவான்.'
முதல் பக்கத்திலேயே ஆளைச் சொல்லிவிடும் கதையை
என் பதிப்பாளர் அடுத்த தபாலில் திருப்பி அனுப்புவார்.

ஸ்டேஷனில் நான் தமிழில் சொன்னேன்.
சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதினார்.
நடுவில் நின்று மாற்றிச் சொன்னது
தேத்தண்ணி கொண்டுவந்த பையன்.
அரை மணி நேரப் பேச்சு
பதினொரு வரியானது.
'ஏதும் சத்தம் கேட்டதா?'
'மழை' என்றேன்.
மழை பெய்ததா என்று அவர் கேட்கவில்லை.
பெய்யவில்லை.

வட்ட வட்டமான எழுத்துகளுக்குக் கீழே
சொந்தப் பெயரில் கையெழுத்திட்டேன்.
நான் எழுதியதிலேயே ஆகச் சிறியது.
ஒரே பிணம்.
இன்றுவரை வாசிக்கத் தெரியாது.

ஹட்டன் கோர்ட்டில் ஐந்தாவது தவணை போட்ட வாரம்
புரூப் வந்தது.
ஓரத்தில் பதிப்பாளரின் சிவப்பு மை: 'அலறல் பிரமாதம்.'
வீலை அடித்தேன்.
மலையை அடித்தேன்.
'ஐ' என்று மட்டும் வைத்து அனுப்பினேன்.

புத்தகம் வந்திருக்கிறது. கிளிப்பில் தொங்குகிறது.
அறுபத்தோராம் பக்கத்தில்
யாரோ எழுத்துப்பிழை திருத்தி
'ஐயோ' என்று முழுசாகப் போட்டிருக்கிறார்கள்.

அதைப் புரட்டிக்கொண்டு நின்றபோது
ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.
மகன் மூன்றாம் வகுப்பாம்.
சட்டை இன்னும் ஸ்டேஷனில்,
பொலித்தீன் பையில், நம்பர் ஒட்டி.
'நீங்கதானே சேர் சாட்சி.
எப்ப குடுப்பாங்க?
திங்கக்கிழம ஸ்கூல் தொடங்குது.'