மீதி

ஐம்பத்து மூன்று நாள்
எங்கள் சமையலறையில் ஓர் எண் தங்கியிருந்தது.
மூன்று கோடி இலக்கம்.
சாலையோரமாய் எழுதிக்கொண்டே போனால்
வென்ட்ஸ்பில்ஸில் தொடங்கி
குல்டீகாவைத் தாண்டிவிடும் என்றான் இல்மார்ஸ்.

துறைமுக வாசலில் மரலாரிகளை எடைபோடுகிறவன்.
பாரத்தோடு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை,
கழித்து வருவதுதான் எங்கள் ரொட்டி.

பழைய கணினி, அடுப்புக்குப் பக்கத்தில்.
பிப்ரவரி முழுக்க அதன் முதுகில்தான்
என் காலுறைகள் காய்ந்தன.
பகா எண்ணா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது, என்றான்.
யாரிடம்?
எண்ணிடமே.

நாலில் தொடங்கு.
அதை அதனாலேயே பெருக்கு, இரண்டைக் கழி,
எண்ணால் வகு.
ஈவை எறிந்துவிடு, மீதியை வைத்துக்கொள்.
மறுபடி.

ஈவு இரக்கமில்லாத கணக்கு, என்றேன்.

மாவு சிந்திய மேசையில் விரலால் எழுதினான்:
முப்பத்தொன்றுக்கு,
நாலு, பதினாலு, எட்டு,
எட்டெட்டு அறுபத்து நாலில் இரண்டு போக
முப்பத்தொன்று சரியாய் இரண்டு தடவை.
மீதி பூஜ்யம். பார், பகா எண்!
அது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும்.

அவனுடைய பெரிய எண்ணை
இரண்டே குறிகளால் எழுதினால்
பூஜ்யம் ஒன்றுகூடக் கிடையாதாம்.
பத்துக் கோடி ஒன்றுகள்,
ரயில்பாதை ஓரத்து பிர்ச் மரங்கள் போல
கிளையில்லாமல், இடைவெளியில்லாமல்.
ஆகவே வகுக்கவே வேண்டாம்:
பெருக்கி நீண்டு போனதை நடுவில் மடித்து
மேல்பாதியைக் கீழ்பாதியோடு கூட்டினால் போதும்.

இது புரிந்தது.
மாலுமிகள் விடுதியில்
நாளுக்கு நூற்றிருபது படுக்கைவிரிப்பு மடிக்கிறவள் நான்.
மடித்தது மறுபடி விரிந்து
மறுபடி என்னிடமே வரும்.

மார்ச் ஒன்பது. அவனுக்கு இரவு வேலை.
கடைசிப் படி முடிந்தபோது நான்தான் விழித்திருந்தேன்.
பூஜ்யம் இல்லை.
எழுத்தும் இலக்கமும் கலந்த ஏதோ ஒன்று,
கப்பல் பெட்டியின் பக்கவாட்டில் இருப்பதுபோல.
தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.
பின்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது.

பகு எண், என்றான்.
எதனால் வகுபடும்?
தெரியாது.
தெரியாமல் எப்படி
உடையும் என்று சொல்கிறாய்?
உடையும். அது நிச்சயம்.
எங்கே என்பதைத்தான்
ஒருவேளை யாருமே பார்க்கப் போவதில்லை.

இருபத்தொரு வருடம் அவனோடு வாழ்ந்தவள்.
எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, வெல்கா, என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
தேநீரை அடுப்பில் வைத்தேன்.

ஜூனில் ஒரு கடிதம்.
சிலியில், ஒசோர்னோவில், எடெல்மிரா என்று ஒருத்தி
அதே எண்ணை முதலிலிருந்து மடித்திருக்கிறாள்.
அதே மீதி, கடைசி எழுத்து வரை.
இல்மார்ஸ் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான்,
தோற்ற கணக்கை ஒட்டுகிறவனை
நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுக்கு கொஞ்சம் கூடிய வேறோர் எண்
இப்போது அந்த மூலையில்.
கோடைதான், ஜன்னல் திறந்திருக்கிறது.
இருந்தும் காலுறைகளை
அங்கேதான் போடுகிறேன்.