மாதிரி ஓட்டை

நிறுவனம் கொடுத்த படிவத்தில்
கட்டங்கள் நான்கு:
மரம், இரும்பு, செங்கல், கான்கிரீட்.

வேதாளை, நைனா ஹார்டுவேர்ஸ் வாசல்.
பதினோரு மணி வெயிலில்
ஆறு கொத்தனார்கள், ஒரு எலெக்ட்ரீஷியன்,
ஓசி டீக்கு வந்த இருவர்.
பெட்டியிலிருந்து டிரில்லை எடுத்தேன்.
பதினெட்டு வோல்ட், இரண்டு பேட்டரி,
ஓராண்டு வாரண்டி.
உப்புக்காற்றில் துருப்பிடித்தால் செல்லாது என்ற
பொடி எழுத்தைச் சொல்லாமல் விடத்தான்
எனக்குச் சம்பளம்.

துளைத்துக் காட்ட ஒன்றுமில்லை.
கடைச் சுவரைத் தொட நைனா விடவில்லை.
நின்றிருந்த ஷேர் ஆட்டோமேல் சாய்ந்து
நான்கு சாம்பல்நிறக் குழாய்கள்,
மூன்று அங்குலம், பன்னிரண்டு அடி.
கடைச் சரக்கு என்று நினைத்தேன்.

விசையை அழுத்தினேன்.
நுங்கில் விரல் போல இறங்கியது.
சுருள் சுருளாகச் சீவல்.
பிறகு ஒரு ‘உஸ்’.
உள்ளே அடைபட்டுச் சூடேறிக் கிடந்த காற்று
என் கட்டைவிரலைத் தொட்டுவிட்டுப் போனது.

கைதட்டினார்கள்.
ஓசி டீக்காரர்கள்தான் முதலில்.

சேதுராக்கு தட்டவில்லை.
பசை டப்பாவைத் திருகி மூடிவிட்டு
எழுந்து வந்தார்.
இரண்டு முனையிலும் மூடி ஒட்டியிருந்ததை
அப்போதுதான் பார்த்தேன்.
பாசி வளர்க்கும் மிதவை.
நான்கு குழாய், குறுக்கே கயிறு,
கயிறெல்லாம் பாசிக் கொத்து,
நாற்பத்தைந்து நாள்
கடலில் தாங்கி நிற்க வேண்டியது.

“தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு
ரெண்டு பக்கமும் அடைச்சு வச்சேன்.
திரும்பக் குழாயாக்கிட்டியளே.”

திட்டியிருக்கலாம்.

குழாய்க்குக் காசு கொடுத்தேன், மூடிகளுக்கும்.
எண்ணிப் பார்த்து
ஐந்து ரூபாய் திருப்பித் தந்தார்.
ஓட்டையில் பசை வைத்தால் போதாதா என்றேன்.
“நமக்குத் தெரியாது.
கடலுக்குத் தெரிஞ்சுபோகும்.”

கை கழுவ வேண்டும்.
தெருமுனைக் குழாயைக் காட்டினார்.
திருகினேன்.
‘உஸ்.’
அதே ஓசை, ஏறக்குறைய அதே சூடு.
“அது வெள்ளிக்கெழமதான்” என்றார்
அடுத்த மூடிக்குப் பசை தடவிக்கொண்டே.

கொத்தனார்கள் விலை கேட்டுக் கலைந்தார்கள்.
படிவத்தில் நான்கு கட்டத்தையும்
பேனாவால் சுற்றிச் சுற்றி வந்து
கடைசியில் கான்கிரீட் என்று
டிக் அடித்தேன்.

காசு கொடுத்த குழாய் என்னுடையதாம்.
விட்டுப் போக நைனா விடவில்லை,
வாசலை அடைக்குமாம்.
பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்றார் கண்டக்டர்.
வேறொரு ஆட்டோவின் தலையில் கட்டி
இராமநாதபுரம் புறப்பட்டேன்.

உச்சிப்புளி தாண்டியதும்
கடல்பக்கமிருந்து காற்று திரும்பியது.
மேலே ஊதத் தொடங்கியது,
ஒற்றை ஓட்டை, ஒரே சுரம்,
வண்டி வேகம் எடுத்தால் கொஞ்சம் உயர்ந்து.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.
“என்ன சார் அது?”

மாதிரி, என்றேன்.