கச்சான்

காளவாசல் சிக்னலுக்கு மேலே
சாரத்தில் நின்றபடி இன்னாசி சொன்னார்:
"கச்சான் எந்திரிச்சிட்டான்."

நாங்கள் ரோட்டைப் பார்த்தோம்.
வட்டிக்காரனா, மாநகராட்சி ஆளா?
சோணை கயிற்றை விட்டுவிட்டு
ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றான்.

யாரும் வரவில்லை.
நாகமலைப் பக்கமிருந்து
ஒரு பால் கவர் மட்டும்
இருபதடி உயரத்தில்
பைபாஸைக் கடந்துபோனது.
அப்புறம்தான் புழுதி.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம்.
முப்பதுக்கு இருபது ஃபிளெக்ஸ்.
தாய்மாமன்கள் பதினொரு பேர்,
நடுவில் மொட்டைத் தலையோடு அழும் பிள்ளை.
அத்தனை பேரும் ஒரே மூச்சில்
வயிறு உப்பினார்கள்.

இடுப்புக் கத்தியை எடுத்து
பிறை பிறையாகக் கீறினார் இன்னாசி.
மூத்த மாமன் வீரணன் பைக்கை நிறுத்திக் கத்தினார்:
"ஏய், நெஞ்சுல ஓட்டை போடுற!"
"காதுகுத்துக்குக் காத்துகுத்துண்ணே"
என்றான் சோணை, ஆட்டோவுக்குப் பின்னாலிருந்தே.

டீக்கடையில் விளக்கம் கேட்டோம்.
மேற்கேயிருந்து வந்தால் கச்சான்.
பஸ்ஸுக்குப் போகிற ஊர் பேர்,
காத்துக்கு வந்த ஊர் பேர்.
"அங்க இவனைப் பிடிக்கத்தான் பாய் தைப்போம்.
இங்க விடுறதுக்கு அறுக்கேன்"
என்று வடையைப் பிய்த்தார்.

அடுத்த பில்லில் நான் எழுதினேன்:
கச்சான் 22, ஒன்றுக்கு ஐந்து ரூபாய்.
பேரம் பேசாமல் கொடுத்தார்கள்.
இப்போது அரசரடி வரைக்கும்
எல்லாக் கடையிலும் கேட்கிறார்கள்:
"கச்சான் போட்டாச்சா?"
எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு
ஓட்டை என்று பொருள்.
இன்னாசி திருத்தவில்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
காற்று எதிர்த்திசையிலிருந்து வந்தது.
"கீழக் கச்சான்!" என்று கூவினான் சோணை.
"அது கொண்டல்" என்றார்.
அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டோம்.

கொண்டலுக்கு எத்தனை ஓட்டை?

"ஒண்ணும் வேணாம். நனையும், அவ்வளவுதான்."

முடிச்செல்லாம் போட்டாகிவிட்டது.
கத்தி இடுப்பில்.
தூறல் விழுந்தது.
அவர் கிழக்கே பார்த்துச் சாரத்தில் நின்றார்,
சிக்னல் மூன்று முறை மாறும்வரை.

கீழேயிருந்து நாங்கள் கூப்பிட்டோம்,
எப்போதும் கூப்பிடுகிற பேரைச் சொல்லி:
"ஏ பாம்பன், எறங்குப்பா."