இரண்டு மில்லி

பந்தலடியில், ஓடாத மிக்சிகளுக்கும்
ஒரு றெக்கை போன மின்விசிறிக்கும் நடுவே கிடந்தது
அந்த உகுலேலே.
அறுநூறு என்றார். நானூற்றைம்பதுக்கு இறங்கினார்.
"பிள்ளைக்கா சார்?"
ஆமாம் என்றேன். எனக்குப் பிள்ளை இல்லை.

முதல் மூன்று மெட்டுகளில் மட்டும்
பலகை தேய்ந்து பளபளத்தது.
அதற்கு மேல் யாரும் ஏறியதில்லை.
ஏன் என்று என் விரல் சொன்னது:
பன்னிரண்டாம் மெட்டில், நரம்புக்கு அடியில்
இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கிச் செருகினாலும்
ஆடின.

ஐப்பசி. மன்னார்குடி முழுக்க நசநசவென்று மழை.
தரை டைல்ஸில் உப்புத்தாளை ஒட்டி,
குதிரைமேல் செருகியிருந்த வெள்ளைத் துண்டை உருவி
அடியில் பென்சிலால் கோடு கிழித்தேன்.
நரம்பு ஒரு மில்லி இறங்க
துண்டில் இரண்டு மில்லி கழிய வேண்டும்.
கணக்கு எனக்கு வரும்.
தேய்த்தேன், அளந்தேன், தேய்த்தேன்.
கரண்டு போனது. செல்போன் வெளிச்சத்தில் தேய்த்தேன்.
லுங்கியெல்லாம் வெள்ளைத் தூள்.

பதினொரு மணிக்கு ஏழாம் மெட்டில் விரல் வைத்தேன்.
வலிக்கவில்லை.
பக்கத்து வீட்டு நாய்கூட ஒன்றும் சொல்லவில்லை.

பகலில் என் வேலை ஈரம் பார்ப்பது.
கொள்முதல் நிலையத்தில், மீட்டருக்குள் ஒரு பிடி நெல்.
பதினேழு வரை எடு, மேலே போனால் திருப்பு.
அந்த வாரம் மாணிக்கவல்லியின் குறுவை
இருபத்தொன்று காட்டியது.
"நேத்து சாயங்காலம் கலகலன்னு இருந்துச்சு சார்,
ராத்திரி காத்தைக் குடிச்சிருக்கு."
நெல் குடிக்குமா என்று கேட்டேன்.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவள் தார்ப்பாயை இழுத்து மூடினாள்.

பங்குனியில் வாய்க்கால் தரை வெடித்தது.
பெட்டியைத் திறந்து மீட்டினால்
இரண்டாம் நரம்பு வண்டு மாதிரி இரைந்தது,
அப்புறம் நான்குமே, மெட்டில் உரசி உரசி.
துண்டைக் கழற்றி அளந்தேன்.
கோடு சரி. கணக்கு சரி.

மேல்பலகையை உள்ளங்கையால் தடவியபோது தெரிந்தது.
மழையில் உப்பிய வயிற்றின் மேல் வைத்து
உயரம் பார்த்திருக்கிறேன்.
இப்போது வற்றிவிட்டது.
குடிச்சிருக்கு சார்.
ஊர் நெல்லுக்கெல்லாம் ஈரம் பார்க்கிறவன்
நானூற்றைம்பது ரூபாய் மரத்துக்குப் பார்க்கவில்லை.

தேய்த்ததை வளர்க்க முடியாது.
முடிந்துபோன பில் புத்தகத்தின் பின்னட்டையில்
குச்சி அகலத்துக்கு ஒரு கீற்று நறுக்கி
குதிரையின் பள்ளத்தில் இட்டு, துண்டை மேலே அழுத்தினேன்.
இரைச்சல் நின்றது, இரண்டாம் நரம்பில் தவிர.
அதை விட்டுவிட்டேன்.

தாளடி மூட்டைகளோடு அவள் வந்தாள்.
பதினாறு புள்ளி எட்டு.
"சட்டுன்னு எழுதுங்க சார்," என்றாள்,
"பொழுது சாஞ்சா மாறிரும்."
நாற்பது மூட்டைக்கும் ஒரே மூச்சில் எழுதினேன்.
மை காயுமுன்னே கிழித்துக் கொடுத்தேன்.

ஐப்பசி வந்ததும் அட்டையை எடுக்க வேண்டும்.
காலண்டரில் குறித்திருக்கிறேன்.