ஒரு மில்லிமீட்டர்

லென்ஸைத் திருப்பிப் போடுங்கள் என்றார்
சாந்தினி சௌக் சந்துக்குள் பழைய கேமரா விற்கும் சர்தூல் சிங்.
இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு கறுப்பு வளையம்.
பில் இல்லை, கியாரண்டி இல்லை.
முன்பக்கம் பின்பக்கமாகும், அவ்வளவுதான் மேடம், இதுவே மேக்ரோ.
அசல் மேக்ரோ லென்ஸ் கண்ணாடி அலமாரியில் இருந்தது.
அதன் விலை எங்கள் மூன்று மாத வாடகை.

மயூர் விஹார், நாலாவது மாடி, துணி காயும் பால்கனி.
முதல் நாள் நாற்பத்தேழு படம்.
நாற்பத்தேழும் அமாவாசை.
திருப்பிய லென்ஸ் தன் துவாரத்தை இறுக மூடிக்கொள்கிறது,
கோபித்துக்கொண்டவர் கதவைச் சாத்துவதுபோல.
டிடிசி பஸ்ஸின் இளஞ்சிவப்பு இலவச டிக்கெட்டை எட்டாக மடித்து
பின்புறக் கொக்கியில் செருகினேன்.
பாதி திறந்தது. பாதி போதும்.

மறுநாள் எல்லாம் மூடுபனி.
ஃபோகஸைச் சுழற்றிப் பயனில்லை,
நான்தான் நகர வேண்டும்
முன்னே ஒரு நூல்
பின்னே அரை நூல்.
மதர் டெய்ரி பாக்கெட்டைக் கழுவி ஃப்ளாஷுக்கு முகமூடி கட்டினேன்.
வெளிச்சம் சாதுவானது.
பால் வாசனைக்கு எறும்புகள் வந்தன,
நிற்கத்தான் மாட்டேன் என்றன.

பகலெல்லாம் எக்ஸ்ரே அறையில் நான் சொல்வது
இரண்டே வார்த்தை: ஸான்ஸ் ரோக்கோ.
மூச்சை நிறுத்துங்கள்.
பதினோரு வருஷமாக இந்த ஊர்
எனக்காக மூச்சை நிறுத்தியிருக்கிறது.
ரிக்‌ஷாக்காரர், பள்ளிக்கூட டீச்சர்,
மருதாணிக் கையோடு வந்த கல்யாணப் பெண்.
ஒருமுறை விடச் சொல்ல மறந்துபோனேன்.
அந்த மனிதர் பிடித்த மூச்சோடு
கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

எக்ஸ்ரேயில் முன் விலா, பின் விலா, நடுவில் இதயம்,
எல்லாம் ஒரே தாளில் விழும்.
இதில் தாளின் கனம் மட்டுமே தெரிகிறது.
நரம்பு கிடைத்தால் இலை கரைகிறது,
இலை கிடைத்தால் மேலே இருந்த அசுவினி காணோம்.
உனக்கு எது வேண்டும், முதலில் அதைச் சொல் என்கிறது.
வீட்டிலும் வேலையிலும் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

செப்டம்பர் கடைசி. மழை விட்டிருந்தது.
கறிவேப்பிலைத் தொட்டியில், தளிரின் அடியில்
ஒரு மஞ்சள் புள்ளி.
கடுகில் பாதி.
பூச்சி முட்டை, விட்டால் செடியை மொட்டையடிக்கும் என்று
கட்டைவிரலால் வழித்துவிடுவது வழக்கம்.
எத்தனை வழித்தேன், கணக்கில்லை.
அன்றும் விரல் தானாகப் போனது.
கையில் கேமரா இருந்ததால் பாதியில் நின்றது.

நாலு விரல் தூரத்துக்குக் குனிந்தேன்.
முழங்கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றினேன்.
பக்கத்து மாடியில் குக்கர் மூன்றாவது விசில்.
ஸான்ஸ் ரோக்கோ என்றேன்
எனக்கே.

நூற்றுப் பன்னிரண்டு படத்தில் ஒன்று தேறியது.
மெல்லிய தோலுக்குள் சுருண்ட ஒரு கறுப்பு நிழல்.
நிழலைப் பார்ப்பதுதானே என் பிழைப்பு,
வாய் தானாகச் சொன்னது:
தலை வலது பக்கம்.

மூன்றாம் நாள் முட்டை இல்லை.
காக்கை எச்சம் போல ஒன்று
தளிரை ஓரத்திலிருந்து தின்றுகொண்டிருந்தது,
நெல்மணியைவிடச் சின்னது, என்ன ஒழுங்கு,
ஒரு வரி முடித்து அடுத்த வரி.
அதற்கும் முன்னால் நின்றேன், ஆபீஸுக்கு நேரமாகியும்.

சாம்பாரில் கறிவேப்பிலை எங்கே என்றார் இளமாறன்.
சஃபலில் அஞ்சு ரூபாய்க்கு வாங்கிக்கலாம் என்றேன்.
தொட்டியில்தான் இருக்கிறதே என்றார்.
அது வேறொருவருடையது என்று சொல்ல வாயெடுத்து
சொல்லாமல்
டிக்கெட்டை எடுத்து
இன்னும் ஒரு மடிப்பு மடித்தேன்.