குளிர்ப்பெட்டி

மஸ்கெலியாவிலிருந்து வரும் பஸ் சந்தியோடு சரி.
அதற்கு மேல் மூன்று மைல், தோளில் பெட்டி,
அட்டைக்குப் பயந்து சவர்க்காரம் தேய்த்த கால்.
பிள்ளைக் காம்பராவில் மேசை துடைத்து
முதல் குப்பியைக் கரைத்தபோது மணி பத்து.
கரைத்த மருந்து மாலைக்கு மேல் தாங்காது.

பட்டியலில் பதினொரு பெயர்.
ஏழு பிள்ளைகள் அழுது முடித்துவிட்டன.
மற்ற நாலும் வாசலுக்கு வெளியே
தாய்மாரின் மழைக்கோட்டுக்குள்.

கொழும்பில் கடையில் நிற்கும் யாரோ ஒரு தம்பியின் குரல்
போனுக்குப் போன் தாவி
எனக்கு முன்பே மேல்பிரிவுக்கு வந்திருந்தது:
“ஊசியில வேற என்னமோ கலக்குறாங்க.
நம்ம சனத்தக் குறைக்கத்தான்.”
“போடலன்னா ஸ்கூல்ல சேக்க மாட்டான்,”
என்றார் தலைவர் சந்தனம்.
“படிக்காத கூட்டம் மிஸ்,” என்று
என்னைப் பார்த்துச் சிரித்தார் கணக்கப்பிள்ளை.
நான் பிறந்ததும் லயத்தில்தான் என்பதை
வெள்ளை உடுப்பு அவரிடம் சொல்லவில்லை.

என்னிடம் பதில் இருந்தது.
எண்கள், படங்கள்,
உடம்பெல்லாம் சிவந்த ஒரு பிள்ளையின் புகைப்படம்.

புஷ்பகாந்தி படத்தைப் பார்க்கவில்லை.
அடிவயிற்றில் கை வைத்துச் சொன்னாள்:
“இவன் பொறந்த அன்னிக்கி ஒரு கடதாசி நீட்டுனாங்க.
சிங்களத்துல இருந்துச்சி. ஒப்பம் வச்சேன்.
இனிமே பிள்ள வராதுன்னு
தையல் பிரிக்கிறப்பதான் சொன்னாங்க.
நீட்டுனதும் வெள்ள உடுப்புதான் மிஸ்.”

போனில் வந்த குரலுக்கு என்னிடம் மறுப்பு உண்டு.
இதற்கு இல்லை.

பெட்டிக்குள் ஐஸ் சரிந்தது.
எல்லோருக்கும் கேட்டது.

“இதுக்குப் பேரென்ன?” என்றாள்.
“எழுதியிருக்கத அப்பிடியே வாசிங்க.”

ஏழு வருடம் இந்தப் பெட்டியைச் சுமக்கிறேன்.
ஒருவரும் கேட்டதில்லை.
கேட்காததால் நானும் சொன்னதில்லை.
ஜன்னல் வெளிச்சத்தில் குப்பியைப் பிடித்து
எழுத்தெழுத்தாக வாசித்தேன்,
செய்த ஊர், முடியும் தேதி,
சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா.

“காச்ச வருமா?”
“வரலாம். இன்னிக்கி இல்ல, அடுத்த கிழம.”
“அப்ப வேலைக்கிப் போக ஏலாது.”
“ஏலாது.”
“பேர் போடுவாங்களா?”
கணக்கப்பிள்ளை வெளியே மழையைப் பார்த்தார்.
“போட மாட்டாங்க,” என்றேன்.

அவள் மேசையருகே வந்தாள்.
பிள்ளையின் காற்சட்டையை ஏற்றிவிட்டு
“ஒப்பம் எங்க வைக்கிறது?” என்றாள்.
இதற்கு ஒப்பம் தேவையில்லை என்றேன்.
அவள் நகரவில்லை.
என் பேனையை எடுத்து
நீலப் பதிவேட்டின் ஓரத்தில்
தன் முழுப் பெயரையும் எழுதினாள், தமிழில்,
புள்ளிகளைக் கடைசியில் வைத்து.
பிறகு பிள்ளையின் தொடையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் இன்னும் ஒருத்தி வந்தாள்.
மற்ற இருவரும் வரவில்லை.

நாலு மணிக்கு மிச்ச மருந்தைக் கழித்துவிட்டு
பட்டியலை மடித்தேன்.
காலியாக இரண்டு கட்டம்.
இறங்கும் வழியில் பெட்டி கனக்கவில்லை,
தண்ணீர் மட்டும் உள்ளே
அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது.