ஈரப்பதம்

கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
பதினேழுக்கு மேல் ஈரம் இருந்தால்
மூட்டை உள்ளே வராது.
எனக்கு நூறு.
நூறைத் தாண்டினால்
விடியக் காத்திராமல் தஞ்சாவூருக்குக் கிளம்ப வேண்டும்.

வயிற்றில் இப்போது மூன்று.
அப்பா தந்த இரண்டும் இன்னும் உள்ளேதான்,
நீர்க்கட்டிகள் அடைந்து
வாய் தைக்க முடியாத சாக்குகளாய்.
எடுக்கவில்லையா என்றேன்.
தொந்தரவு தராதவரை இருக்கட்டும் என்றார் டாக்டர்,
காலிசெய்யாத குடித்தனக்காரரைப் பற்றி
வீட்டுக்காரர் பேசுகிற குரலில்.

மூன்றாவது, வலது அடிவயிற்றில்,
என் நாத்தனார் செங்கமலத்தினுடையது.
ஒரு பித்தளை அண்டாவுக்காக
பதினோரு வருஷம் பேசாமல் இருந்தோம்.
தம்பிக்கும் இதே கட்டிகள். இவருக்குச் சர்க்கரை.
கமிட்டியில் கேட்டார்களாம்,
பணம் ஏதும் கைமாறியதா, எதற்குத் தருகிறாய் என்று.
"எங்க அண்ணனுக்குச் சோறு வடிக்க ஆள் வேணாமா?"
ஒருவர் அதை அப்படியே எழுதிக்கொண்டாராம்.

அவளை அசலாள் என்று என் உடம்பு கண்டுகொள்ளாதிருக்க
காலை எட்டு, இரவு எட்டு மாத்திரைகள்.
காவலைத் தூங்கவைத்தால்
கதவு எல்லாருக்கும்தானே திறக்கிறது?
முதல் வருஷம் நான்கு முறை மூத்திரத் தொற்று.
உங்கள் வியாதிக்காரர்களுக்குப் புதுசு நன்றாகவே நிற்கும்,
இந்தத் தொற்றுதான் கொஞ்சம் ஜாஸ்தி என்றார்.
அந்தக் கொஞ்சத்தை
எடைபோட்டபடியே வீடு வந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது.
குறுவை நெல் ரோட்டோரம் குவிந்து
தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட்டது.
சேறு, எலி, உமித்தூசி, பூஞ்சணம்,
எனக்கு ஆகாததெல்லாம்
என் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றது.
மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து பில் போட்டேன்.
அம்மையப்பன்காரர் ஒருவர்
பத்தொன்பதைப் பதினேழாக்கச் சொல்லிக் கெஞ்சினார்.
மிஷின் காட்டுவதைத்தான் எழுத முடியும் என்றேன்.

அன்றிரவு நூற்றிரண்டு காட்டியது.
உதறிவிட்டு இன்னொரு முறை வைத்தேன்.
இன்னொரு முறை.

நீடாமங்கலம் கேட்டில்
கூட்ஸ் வண்டி போக இருபது நிமிஷம்.
பல் தந்தியடிக்க
வலது அடிவயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தேன்.
வலி அங்கே இல்லை என்பது
கேட் திறந்த பிறகுதான் உறைத்தது.
இடது விலாவில்.

அப்பாவுடையது.
ஒரு கட்டிக்குள் சீழ்.
புதுசுக்கு ஒன்றுமில்லை என்றார்கள்,
கிரியாட்டினின் ஒன்று புள்ளி இரண்டு.
செங்கமலம் வார்டுக்குள் வந்ததும்
"என்னுது நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.
பிறகுதான் கஞ்சி குடித்தாயா என்று கேட்டாள்.

மூன்று வாரம் ஊசி ஏறியும் அடங்கவில்லை.
எடுத்துவிட்டார்கள்.
இரண்டரைக் கிலோ இருந்ததாம்.
ஈரம் எவ்வளவு என்று கேட்க வந்து
சிரிப்பில் தையல் இழுத்தது.

சம்மதப் படிவத்தை மகள் மதுரவல்லிதான் நிரப்பினாள்.
குடும்பத்தில் வேறு யாருக்காவது என்ற கட்டத்தில்
தாத்தா, அம்மா, மாமா என்று எழுதி
கமா போட்டு நிறுத்தியிருந்தாள்.
பத்தொன்பது வயது. ஸ்கேன் எடுக்கவில்லை.
நான் கேட்கவில்லை.
பேனாவை மூடி என் தலைமாட்டில் வைத்துவிட்டு
எட்டு மணியாச்சு என்று
தண்ணீர் கொண்டுவரப் போனாள்.